கச்சால் தீவு பற்றிய குறுநாவல்: சுனாமியை உள்ளே கொண்டுவரவா, வேண்டாமா?

லயத்துக்காரி (பெங்களூர்) எழுதியது:

வணக்கம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வாசிப்புக் கூட்டம் ஒன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும், பதினைந்து பேர் வந்தால் பெரிய விஷயம். போன ஞாயிறு நான் எழுதி வைத்திருக்கும் குறுநாவலிலிருந்து இரண்டு அத்தியாயம் வாசித்தேன். முடித்து காப்பி வருவதற்குள் ஆளாளுக்கு ஒரே கேள்வி: "எல்லாம் சரி, சுனாமி எங்கே?" அன்றிலிருந்து மண்டையைக் குடைகிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது நிகோபாரில், கச்சால் தீவில். அந்தமான் என்றால் எல்லாருக்கும் தெரியும், நிகோபார் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள், கச்சால் என்றால் "என்ன சால்?" என்பார்கள், ஆகவே முப்பது வருஷமாகப் பெங்களூரில் "அந்தமான் பக்கம்" என்று சொல்லியே காலம் தள்ளிவிட்டேன். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கப்பலில் போக வேண்டும். கமோர்ட்டா, நான்கௌரி எல்லாம் இருக்கிற கூட்டத்தில் மேற்கே இருப்பது எங்கள் தீவு. நாங்கள் அந்த மண்ணுக்காரர்கள் இல்லை. தாத்தா காலத்திலிருந்து இலங்கையில் தோட்ட வேலை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானதே, அந்தக் கணக்கில் வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அங்கிருந்து நிறையப் பேர் நீலகிரிக்குத் தேயிலைக்குப் போக, சில குடும்பங்களை ரப்பர் வேலைக்கு என்று கச்சாலுக்கு அனுப்பினார்கள். அப்போது நான் கைக்குழந்தை. 1987ல், பதின்மூன்று வயதில், படிப்புக்காக என்னைக் கூடலூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெட்டியில் நான் படகு ஏறுவதோடு கதை முடிகிறது. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் 1998ல் அவர்களும் கிளம்பி வந்துவிட்டார்கள். சித்தப்பா குடும்பம் மட்டும் அங்கேயே இருந்தது.

எங்கள் தீவின் பெயர் எனக்குத் தெரிந்து இரண்டு முறை பேப்பரில் பெரிதாக வந்தது. 1999 கடைசியில் ஒருமுறை, புத்தாயிரத்தின் முதல் சூரிய உதயம் இந்தியாவில் கச்சாலில்தான் தெரியப்போகிறது என்று. எம்.ஜி. ரோட்டில் அப்போது நான் வேலை பார்த்த ஆபீஸில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மேஜையில் ஒட்டி வைத்தேன், பெருமையாக இருந்தது. அடுத்த முறை ஐந்தே வருஷத்தில். சித்தப்பா வீட்டில் நான்கு பேர். அதற்கு மேல் இங்கே எழுதவில்லை.

என் குறுநாவலில் 2004 ஒரு வரிகூட இல்லை. கதை சொல்வது ஒரு சிறுமி, அவளுக்கு எதுவும் தெரியாது, எனக்கு அதுதான் வேண்டும். ஆனால் கூட்டத்தில் எல்லாரும் சொன்னதைக் கேட்டதும் ஏமாற்று வேலை செய்கிறேனோ என்று தோன்றிவிட்டது. முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு துண்டு கீழே போடுகிறேன் (வெட்டு என்பது ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது, லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), படித்துவிட்டுச் சொல்லுங்கள்:

"அம்மா வெட்டுக்குக் கிளம்பும்போது லயத்துக் கூரைத் தகரம் சூடேற ஆரம்பித்திருக்கும். எட்டு மணி இருக்கும். இடது கையில் வாளி, வலது கையில் வெட்டுக்கத்தி. 'கதவச் சாத்திக்க, பன்னி வரும்' என்பாள். எனக்குச் சுட்டுக் கொடுத்த ரொட்டியில் அவள் கை வாசம் இருக்கும், புளித்த பாலும் புகையும் கலந்த மாதிரி. அவள் தோட்டத்துக்குள் மறைகிறவரை படியில் உட்கார்ந்து தின்பேன். அந்த நேரத்துக்குத் தேங்காய்க் கட்டுகளோடு அவர்கள் போவார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம் நாள் முழுக்க யாரும் இருக்க மாட்டார்கள்."

இரண்டாம் அத்தியாயம் முழுக்க மெகாபோடு என்கிற பறவையின் முட்டை தேடிப் போவது. கோழி அளவுதான் இருக்கும். அடைகாக்காது. கடற்கரையை ஒட்டி மண்ணும் சருகும் குவித்து ஆள் உயரத்துக்கு மேடு கட்டி அதற்குள் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும், குஞ்சு தானே மண்ணைக் கிளறி வெளியே வந்து தாயைத் தேடாமல் காட்டுக்குள் ஓடிவிடும். அது எல்லாருக்கும் பிடித்திருந்தது, அதில் யாரும் சுனாமி கேட்கவில்லை.


ஏரிக்கரை எழுதியது:

அந்தக் கூட்டத்தில் முதலில் "சுனாமி எங்கே" என்று கேட்ட பாவி நான்தான், அதனால் நானே முதலில் வந்துவிடுகிறேன்.

உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மேடம், தனுஷ்கோடியைப் பற்றி ஒருவர் கதை எழுதுகிறார் என்று வையுங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் அந்த ஊருக்கும் அந்த ரயிலுக்கும் என்ன ஆனது என்று தமிழில் வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். அவர் பாட்டுக்கு மீன் வலை, மணல், பள்ளிக்கூடம் என்று எழுதி முடித்துவிட்டுப் போனால் புத்தகத்தை மூடும்போது நமக்கு "சரி, அப்புறம்?" என்று இருக்காதா? கச்சாலும் அதேதான். நிகோபாரில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் ஒன்று. நீங்கள் சொல்லாவிட்டாலும் வாசகன் கூகிளில் தட்டிப் பார்த்துவிடுவான், முதலில் வருவதே அதுதான்.

என் யோசனை: 2004 டிசம்பர் 26 காலையில் பெங்களூரில் நீங்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற காட்சியில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து பின்னால் போங்கள். இழுத்துப் பிடித்து உட்கார வைக்கும். இப்போது இருக்கிற ஆரம்பம் அழகு, ஆனால் சாவகாசமாக இருக்கிறது, இந்தக் காலத்தில் யாருக்குப் பொறுமை?


பச்சைமை எழுதியது:

ஏரிக்கரை சொல்வதைக் கேட்காதீர்கள். டிவி முன்னால் ஆரம்பித்துப் பின்னால் போகிற கையெழுத்துப் பிரதிகளை முப்பது வருஷமாகத் திருத்தி எனக்குக் கண் போய்விட்டது. டிவி, தொலைபேசி மணி, பழைய போட்டோ, இந்த மூன்றில் ஒன்றில் தொடங்கி நினைவுக்குள் இறங்குவது என்பது எழுதுகிறவருக்குத் தன் கதை மேல் நம்பிக்கை இல்லை என்று முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொள்கிற மாதிரி.

குறுநாவலுக்கு ஒரு வசதி உண்டு, எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கடமை அதற்குக் கிடையாது. டெல்லியிலிருந்து 1965ல் தொடங்கிய கணையாழி பத்திரிகை, பின்னாளில் தி.ஜானகிராமன் பெயரில் குறுநாவல் போட்டி நடத்தியதெல்லாம் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த வாசகருக்கு ஒரு வீடு, ஒரு வேலை, ஒரு பிரிவு இருந்தால் போதும், தீவின் வரலாறு முழுக்க வேண்டும் என்று கேட்க மாட்டார்.

உங்கள் துண்டில் எனக்கு உறுத்தியது வேறு. ஏழெட்டு வயதுப் பெண்ணுக்கு "எட்டு மணி இருக்கும்" என்று எப்படித் தெரியும்? கடிகாரம் இருந்ததா வீட்டில்? அது இப்போது எழுதுகிற ஐம்பது வயதுப் பெண்மணியின் குரல். தகரம் சூடேறுவதை அவள் சொல்லட்டும், மணியை விட்டுவிடுங்கள். அப்புறம் லயம், பிரட்டு மாதிரித் தோட்டத்து வார்த்தைகளுக்கெல்லாம் கடைசியில் அருஞ்சொற்பொருள் போடும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். புரியாதவர்கள் இரண்டு பக்கம் போனால் புரிந்துகொள்வார்கள்.

ரொட்டியில் கை வாசம் நல்ல வரி. அதைத் தொடாதீர்கள்.


சுள்ளியாப் பையன் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் ஆபீஸ் வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீடும் அதே 1964 கணக்குதான். உங்களைக் கச்சாலுக்கு அனுப்பினார்கள், எங்களைத் தென் கன்னட மாவட்டத்துக்கு, சுள்ளியா. கர்நாடக வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர் தோட்டம். அங்கேதான் பிறந்தேன், பன்னிரண்டாவது வரைக்கும் அங்கேதான், இப்போது எலெக்ட்ரானிக் சிட்டி. இங்கே யாராவது "சொந்த ஊர்?" என்று கேட்டால் எனக்கும் உங்களைப் போலத்தான், மூன்று வாக்கியம் தேவைப்படும்.

சுனாமியைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ரப்பரைப் பற்றிச் சொல்லலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் முதல் வரியே தப்பு. எட்டு மணிக்கு யாரும் வெட்டுக்குப் போக மாட்டார்கள். வெயில் ஏறினால் மரம் பால் கொடுக்காது. ராத்திரி குளிரில் மரத்துக்குள்ளே அழுத்தம் நிறைய இருக்கும், விடிவதற்கு முன்னால் வெட்டினால்தான் சரசரவென்று இறங்கும், நேரம் ஆக ஆக இழுவை குறைந்துவிடும். எங்கள் அம்மா நாலரைக்கெல்லாம் தோட்டத்தில் இருப்பார். ஒரு ஆளுக்கு 300 மரம் வாக்கில். ஒவ்வொன்றிலும் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிற பாலை முதலில் நாடா மாதிரி உரித்து எடுக்க வேண்டும், அதுதான் ஒட்டுப்பால், அதைத் தனிப் பையில் போட வேண்டும். அப்புறம் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே, சரிவாக, பட்டையை வெற்றிலைத் தடிமனுக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்துக்குப் புண், கங்காணி கத்துவார். 300 மரம் முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் முதல் மரத்துச் சிரட்டை நிறைந்திருக்கும். கொஞ்சம் விட்டுத் திரும்பப் போய் வாளியில் ஊற்றிக்கொண்டு வருவதுதான் பால் எடுப்பு. அது எட்டு, எட்டரைக்கு நடக்கும்.

அதனால் எட்டு மணிக்கு வாளி சரி, கத்தி இருக்காது. பால் எடுக்கக் கத்தி எதற்கு?

ஒட்டுப்பால் நாடாவைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து விளையாடியிருக்கிறீர்களா? நாங்கள் செய்வோம். வீட்டுக்குள் கொண்டுவந்தால் அடி விழும், அந்த நாற்றம் அப்படி. கதையில் அது இல்லையென்றால் சேருங்கள்.


போர்ட்பிளேர் டு டெல்லி எழுதியது:

நான் போர்ட் பிளேர்த் தமிழ், இப்போது டெல்லியில் மயூர் விஹார். கச்சாலுக்கு நான் போனதில்லை, என் மாமா கமோர்ட்டாவில் வேலை பார்த்தார், அவர் சொன்னதும் நான் படித்ததும்தான்.

முதலில் மணி விஷயம். சுள்ளியாக்காரர் சொன்னது சரி, ஆனால் அங்கே கணக்கு இன்னும் முன்னால் போகும். நாம் எல்லாரும் ஒரே ஐஎஸ்டியில் இருக்கிறோம், ஆனால் நிகோபார் பெங்களூருக்குக் கிழக்கே 15 டிகிரிக்கு மேல் தள்ளி இருக்கிறது, அதாவது அங்கே உங்களைவிட ஒரு மணி நேரம் முந்தியே விடியும். டிசம்பரில்கூட ஐந்தரை மணிவாக்கில் சூரியன் வந்துவிடும். அங்கே எட்டு மணி என்பது இங்கே ஒன்பது மணி வெயில். விடிவதற்கு முன்னால் வெட்ட வேண்டும் என்றால் நாலு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். சாயங்காலம் இதற்கு நேர்மாறு, பள்ளி விட்டு வந்து விளையாட இறங்குவதற்குள் இருட்டிவிடும். தீவில் வளர்ந்தவர்களுக்கு இது உடம்பில் இருக்கும், மெயின்லேண்ட் வந்த பிறகுதான் மறக்கும். (மெயின்லேண்ட் என்றே எழுதுங்கள், தயவுசெய்து. ஒரு மொழிபெயர்ப்பில் "முதன்மை நிலம்" என்று பார்த்தேன், இரண்டு நாள் சிரித்தேன்.)

ஏரிக்கரை, தனுஷ்கோடி உதாரணம் முழுசாகப் பொருந்தாது. தனுஷ்கோடிக்கு இன்றைக்கு யார் வேண்டுமானாலும் ஜீப்பில் போய் இடிந்த சர்ச் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நிகோபாருக்கு அப்படிப் போக முடியாது, பழங்குடிகள் பாதுகாப்புக்கான 1956ஆம் வருஷ ஒழுங்குமுறைப்படி பாஸ் வாங்க வேண்டும், அங்கேயே வளர்ந்தவராக இருந்தாலும் சரி. அது வேண்டியதுதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு எழுத்தாளர் ஞாபகத்தைச் சரிபார்க்கப் போய் வரலாம் என்றால் லேசில் முடியாது. போனாலும் பார்க்க அந்த இடமே இருக்காது. 2004ல் அலை வந்து போனதோடு முடியவில்லை, நிகோபார் பக்கம் தரையே இறங்கிவிட்டது. நிகோபாரின் தெற்குக் கோடியான இந்திரா முனையில் கலங்கரை விளக்கம் நின்ற இடம் 4.25 மீட்டர் தாழ்ந்தது, வடக்கு அந்தமானில் அதற்கு மாறாகத் தரை எழும்பி, தண்ணீருக்குள் இருந்த பவளப்பாறை வெளியே வந்து காய்ந்து கிடந்தது. உங்கள் மெகாபோடு மேடுகள் கரையை ஒட்டித்தானே இருந்தன, அவற்றில் பெரும்பாலானவை அன்றைக்கே போய்விட்டன. கடைசிக் காட்சியில் ஒரு ஜெட்டி வருகிறது என்றீர்கள், 1987ன் ஜெட்டியை உங்கள் ஞாபகத்தில் மட்டும்தான் பார்க்க முடியும்.

இன்னொன்று, கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். "அவர்கள் போவார்கள், அவர்கள் சிரிப்பார்கள்." யார் அந்த அவர்கள்? நிகோபாரிகள்தானே? தீவே அவர்களுடையது. உங்கள் துண்டில் பன்றிக்குக்கூடப் பெயர் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. பன்றியும் அவர்களுடையதுதான், தேங்காய் போட்டு வளர்ப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு நிகோபாரிச் சிநேகிதி ஒருத்திகூட இல்லையா? இருந்தால் இருவரும் இந்தியில்தான் பேசியிருப்பார்கள், அந்தமான் இந்தி, அதை எப்படித் தமிழில் கொண்டுவரப் போகிறீர்கள்? எனக்கு இதுதான் பெரிய கேள்வி. சுனாமியைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.


ஏரிக்கரை எழுதியது:

டெல்லிக்காரர் பொருந்தாது என்று சொல்லிவிட்டு எனக்குச் சாதகமாகவே எழுதியிருக்கிறார். தரையே இறங்கிவிட்டது, மேடெல்லாம் போய்விட்டது, இதையெல்லாம் எழுதாமல் விடுவது எப்படி? கதை நடந்த இடமே கடலுக்குள் இருக்கிறது என்றால் அதுதானே கதை?


பச்சைமை எழுதியது:

அது உங்களுக்குக் கதை. ஜெட்டியில் நிற்கிற பெண்ணுக்கு அது ஜெட்டி. நீங்கள் வேண்டுமானால் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள், திருத்திக் கொடுக்கிறேன், பைசா வேண்டாம்.

சுள்ளியாத் தம்பி சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான விஷயம். கத்தி எதற்கு என்று கேட்டாரே, அந்த மாதிரிக் கேள்வி கேட்க ஒரு ஆள் ஒவ்வொரு பதிப்பகத்திலும் இருக்க வேண்டும்.


லயத்துக்காரி எழுதியது:

மன்னிக்கவும், நான்கு நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் ஒன்றாகவே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் சுள்ளியாத் தம்பி. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் அம்மா கத்தியோடு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன், இவர் யார் சொல்வதற்கு என்று. அம்மா என்னோடுதான் இருக்கிறார், கே.ஆர். புரத்தில், பக்கத்து அறையில் சீரியல் பார்த்துக்கொண்டு. இந்தக் கதையை இரண்டு வருஷமாக எழுதுகிறேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. என் ஞாபகம், என் கதை என்று ஒரு திமிர் இருந்திருக்கும்.

விளம்பர இடைவேளையில் போய்க் கேட்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது: "எட்டு மணிக்கா? எட்டு மணிக்குப் பால் எடுக்கப் போவேன். வெட்டுக்குப் போறது நாலு மணிக்கு, குப்பி லாம்பக் கொளுத்திக்கிட்டு. நீ எங்க பாத்த, பொணம் மாதிரி தூங்குவ." கத்தி? "வந்ததும் அத மொத வேலையா உத்தரத்துல சொருகி வச்சிருவேன், நீ எடுத்துருவன்னு."

அப்படியானால் நான் கையில் கத்தியோடு பார்த்தது எதை? தெரியவில்லை. எழுத உட்கார்ந்தபோது நானே கொடுத்துவிட்டேன் போல. தம்பி மேலிருந்த கோபம் அதோடு போயிற்று.

அப்புறம் ரொட்டி. பச்சைமை அவர்கள் தொடாதே என்று சொன்ன வரி. வேலைக்குப் போவதற்கு முன்னால் சுட்ட ரொட்டியில் எப்படிப் பால் வாசம் வரும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அம்மாவின் வாசமே அதுதான் என்று நினைத்திருந்தேன். 300 மரம் வெட்டிவிட்டு வந்து, கையைக் கழுவி, மாவு பிசைந்து, என்னை எழுப்பி, தின்னக் கொடுத்துவிட்டுத்தான் இரண்டாம் தடவையாகக் கிளம்பியிருக்கிறார். நான் படியில் உட்கார்ந்து வழியனுப்பியதெல்லாம் அந்த இரண்டாவதைத்தான். முதல் அத்தியாயத்தைத் திருப்பி எழுதுகிறேன். மணி கிடையாது, கத்தி கிடையாது. ரொட்டி அப்படியே இருக்கும், அந்தப் பெண்ணுக்குக் காரணம் தெரியாது.

டெல்லி சகோதரருக்கு. நீங்கள் கேட்டது சுட்டது, நியாயமும்கூட. சிநேகிதி இருந்தாள். மூன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவள், அவள் வீட்டில்தான் தாழம்பழத்தை வேகவைத்துப் பிசைந்து செய்ததை முதலில் சாப்பிட்டேன், அவள் அண்ணனின் ஹோடிப் படகில் ஏறி வாந்தி எடுத்தேன். மெகாபோடு மேட்டைக் காட்டிக் கொடுத்ததே அவள்தான். அந்த அத்தியாயத்தில் நான் தனியாகத் தேடிப் போவதாக எழுதி வைத்திருக்கிறேன், அவளை எடுத்துவிட்டு. அவளுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. 2004க்கு அப்புறம் யாரிடமாவது விசாரித்திருக்கலாம், விசாரிக்கவில்லை. பெயர் எழுதினால் அதைக் கேட்க வேண்டி வரும் என்றுதான் "அவர்கள்" ஆக்கினேன் என்று நீங்கள் கேட்ட பிறகு புரிந்தது. திரும்ப உள்ளே கொண்டுவருகிறேன், வேறு பெயரில். நாங்கள் இரண்டு பேரும் இந்தியில்தான் பேசுவோம், வீட்டுக்கு வந்தால் எனக்குத் தமிழ், அவளுக்கு அவள் பாஷை. இந்தியைத் தமிழ் எழுத்தில் அங்கங்கே அப்படியே விடலாம் என்று நினைக்கிறேன், "சல், சல், ஜல்தி" அளவுக்கு. மற்றதெல்லாம் கொஞ்சம் கட்டையான தமிழில், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பாஷை பேசுகிற மாதிரி. முயற்சி செய்து பார்த்தால்தான் தெரியும்.

இனி ஏரிக்கரைக்கு. அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு அம்மா தானாகவே வந்து உட்கார்ந்தார். சீரியல் முடிந்துவிட்டது. நான் கேட்டதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்திருப்பார் போல. "அன்னைக்கு ஞாயித்துக்கெழம" என்றார். எனக்கு முதலில் எது என்று புரியவில்லை. "வெட்டு இருந்திருந்தா சித்தப்பா, சித்தி, ரெண்டு பேரும் அந்நேரம் மேட்டுல மரத்துக்கிட்ட இருந்திருப்பாங்க. வெட்டு இல்ல. வீட்டுல இருந்தாங்க." அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

நிலநடுக்கம் காலை 6.28க்கு என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஐந்தரைக்கு விடிகிற ஊரில் 6.28. வேலை நாளாக இருந்தால் பாதிக்கு மேல் மரம் முடிந்திருக்கும், ஆட்கள் எல்லாரும் உள்ளே, ஏற்றத்தில், சிரட்டை நிறையக் காத்திருப்பார்கள். இருபது வருஷமாக இந்தக் கணக்கை அம்மா தனியாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெட்டு எத்தனை மணிக்கு என்றுகூடத் தெரியாத நான் அந்தத் தீவைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் என் முடிவு: 2004 வராது. டிவி வராது. முதல் அத்தியாயத்தில் அம்மா நாலு மணிக்குப் போவது வரும், சிறுமி தூங்கிக்கொண்டிருப்பாள், அதை எப்படிச் சொல்வது என்றுதான் இப்போது மல்லுக்கட்டுகிறேன், அவள் பார்க்காததை அவள் வாயால் சொல்ல வேண்டுமே. விளக்கு இல்லாமல் இருக்கிற ஆணியைக் காட்டலாம் என்று ஒரு யோசனை. அதற்கு அடுத்த பத்தியில், ஞாயிற்றுக்கிழமை வெட்டு இல்லை, அன்றைக்கு எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், சித்தப்பா தேங்காய் துருவுவார், அன்றைக்கு மட்டும் கண் விழிக்கும்போது அம்மா பக்கத்தில் படுத்திருப்பாள் என்று வரும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லப் போவதில்லை.


பச்சைமை எழுதியது:

ஆணி போதும். ஆணிக்குக் கீழே சுவரில் கரி பிடித்திருக்கும் இல்லையா, அதையும் சேருங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், அச்சுப் பிரதியாக. திரையில் என்னால் படிக்க முடியாது.


ஏரிக்கரை எழுதியது:

எனக்கு இன்னும் அரை மனசுதான். ஞாயிற்றுக்கிழமை என்ற வரியை இந்த இழையைப் படித்த நாங்கள் பிடித்துக்கொள்வோம், புத்தகத்தைக் கடையில் எடுக்கிறவன் பிடிப்பானா? பின்னட்டையிலாவது "கச்சால், நிகோபார்" என்று ஊர் பெயரைத் தெளிவாகப் போடச் சொல்லுங்கள், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்த கூட்டத்தில் திருத்திய அத்தியாயத்தை வாசியுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும், லிஃப்ட் வேலை செய்கிறது.


சுள்ளியாப் பையன் எழுதியது:

அக்கா, எங்கள் அம்மாவிடம் போனில் உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். குப்பி லாம்பு என்றதும் சிரித்துவிட்டார், அந்த வார்த்தையைக் கேட்டே இருபது வருஷம் ஆகிறதாம். உங்கள் அம்மா எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று கேட்கச் சொன்னார். இரத்தினபுரிப் பக்கமா, களுத்துறைப் பக்கமா?